காவலைக் கழுவிவிடாதீர்கள்

பெண்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் டொக்டர்மாரே, உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கைபேசியைத் தட்டினால் உலகத்து ஆய்வெல்லாம் உங்கள் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. நான் சொல்லப்போவது அதில் வராத விஷயம். பேனா கையில் இருந்து, நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, மருந்து எழுதாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பற்றியது. எழுதிக்கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் சுகம். நோயாளிக்குச் சுகம், அவளைக் கூட்டிவந்த மாமியாருக்குச் சுகம், வெளியே நிற்கும் வரிசையும் சீக்கிரம் நகரும். எழுதாமல் விட்டால்தான் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

‘வெள்ளை படுகிறது’ என்று ஒருத்தி வந்து உட்கார்ந்ததும் பேனா தானாக ஓடுகிற டொக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்த்தால் இப்போதும் கோபம் வரும். வயது போகப் போகக் கோபம் தணியும் என்கிறார்கள், என்னுடையது தணியவில்லை.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. மாத்தளை மாவட்டத்துக்கு நியமனம் வந்தபோது, ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மாற்றம் எடுத்துக்கொண்டு வா என்றார்கள் வீட்டில். ஓய்வு பெறும்வரை நான் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பெண்களோடு பேசிப் பேசி என் தமிழே மாறிப்போனது. விடுமுறைக்கு ஊருக்குப் போய், வந்தவர்களை “வாங்கோ, இருங்கோ” என்பதற்குப் பதில் “வாங்க, உக்காருங்க” என்றால் அம்மா என்னைக் கலவரத்தோடு பார்ப்பார். “உனக்கென்ன பிள்ளை நடந்தது?” என்பார்.

இப்போது சொல்வது எண்பதுகளின் கடைசியில், இரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் இருந்தபோது நடந்தது. ஒரு பெண்கள் வார்ட், ஒரு பிரசவ அறை, பொறுப்புக்கு நான் ஒருத்தி. நாடு கலங்கிக் கிடந்த காலம். யாரோ ஒட்டிவிட்டுப் போகும் துண்டுச் சுவரொட்டிக்குக் கடைகள் பூட்டிக்கொள்ளும், பஸ்கள் நின்றுபோகும். அது முடிந்தால் ஊரடங்கு. ஆற்றங்கரையில் என்ன கிடக்கிறது என்று காலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். மருந்து லொறி வந்தால் வந்தது, வராவிட்டால் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு காலத்தில்தான் காளியம்மா தன் மருமகள் புஷ்பராணியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக என் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

“புள்ள தங்க மாட்டேங்குதுங்க டொக்டரம்மா,” என்றார். “ரெண்டு போயிருச்சு. ஒண்ணு அஞ்சு மாசத்துல, ஒண்ணு ஆறுல. இப்ப மறுபடி உண்டாகியிருக்கா. வெள்ள வேற ஊத்துது. நல்ல மருந்தா, சக்தியான மருந்தா பாத்து எழுதுங்க.”

“அவங்கள பேச விடுங்க,” என்றேன்.

புஷ்பராணி நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கிருமிங்க. போன தடவ பெரிய ஆஸ்பத்திரியில சொன்னாங்க. உள்ள கிருமி இருக்குதாம். அதுதான் புள்ளைங்கள கொல்லுதாம்.”

பேசும்போது அவளிடமிருந்து ஒரு வாசம் வந்தது. சவர்க்காரமில்லை, மஞ்சளுமில்லை. எங்கள் வார்ட்டில் தரை துடைத்த பிறகு வரும் அதே வாசம். உங்களுக்கு எத்தனை பரிசோதனை வசதி இருந்தாலும் மூக்கை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

“தோட்டத்துல என்ன வேல பாக்குறீங்க?” என்று கேட்டேன்.

“புள்ளக்காம்பராங்க.”

காளியம்மா முந்திக்கொண்டார். “டிவிசன்லயே சுத்தமான காம்பரா இவளோடதுங்க. தொரையே வந்து பாத்துட்டு மத்தவங்களுக்கும் சொன்னாரு.”

பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அறை. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அங்கே தரை துடைக்கவும் பிள்ளைத் துணிகளை ஊறவைக்கவும் தோட்டத்தில் கிருமிகொல்லி மருந்து கொடுப்பார்கள். எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியையும் கேட்டேன்.

“கீழ கழுவுறதுக்கு என்ன பாவிக்கிறீங்க?”

முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு பெருமை இருந்தது. “காம்பரா வேலைக்கு வந்ததுல இருந்தே, அங்க குடுக்கிற மருந்துதாங்க. சுடுதண்ணியில கலந்து உள்ள வரைக்கும் ஊத்தி கழுவுவேன். வேலைக்கு போறதுக்கு முன்னாடியும் கழுவுவேன், வந்தும் கழுவுவேன். வெள்ள கூடிச்சுன்னா இன்னும் கொஞ்சம் கூட்டி கலப்பேங்க. ஒரு கிருமிய விடமாட்டேன்.”

பரிசோதித்துப் பார்த்தேன். கருப்பை வாய் இறுக்கமாகவே இருந்தது. கெட்ட நாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை, அடிவயிற்றில் நோவு இல்லை. உள்தோல் மட்டும் வெந்த மாதிரிச் சிவந்திருந்தது. நீல லிட்மஸ் தாளைத் தொட்டு எடுத்தேன். ஆரோக்கியமான பெண்ணிடம் அந்த இடம் புளிப்பாக இருக்கும், தாள் சிவக்கும். இவளிடம் அது நீலமாகவே இருந்தது. ஸ்லைடை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நோய்க்கிருமி என்று ஒன்றும் தென்படவில்லை. இருக்க வேண்டிய கிருமிகளும் இல்லை. துடைத்துவைத்த தரையாகக் கிடந்தது.

காளியம்மா வெளியே போயிருந்த நேரத்தில் புஷ்பராணி மெதுவாகச் சொன்னாள். “டொக்டரம்மா, இதுவும் போயிட்டா என்னைய காம்பராவ விட்டு எடுத்துருவாங்க. புள்ள தங்காத கையில எங்க புள்ளைங்கள குடுக்க மாட்டோம்னு மலையில பொம்பளைங்க பேசிக்கிறாங்க. கங்காணிகிட்டயும் சொல்லிட்டாங்க. எனக்குன்னு ஒண்ணும் தங்கல. அதுங்களாவது இருக்குதுங்கன்னு இருந்தேன்.”

நான் கொஞ்சம் அதட்டலாகவே பேசினேன்.

“மிளகு காய்க்கிற காலத்துல காவக்காரர் போடுவாங்களா?”

“போடுவாங்க.”

“திருடனையும் காவக்காரரையும் சேத்து ஒரே அடியா அடிச்சு வெரட்டினா என்னாகும்?”

“மிளகு போயிருங்க.”

“அதத்தான் நீங்க தெனமும் செய்யிறீங்க. கடவுள் உள்ள ஒரு காவல் வச்சிருக்காரு. அத மருந்து ஊத்தி கழுவி விட்டுட்டீங்க. ஒடம்பு தன்னால முடிஞ்சத சுரந்து அந்தப் புண்ண ஆத்தப் பாக்குது. அதுதான் வெள்ள. நீங்க அதையும் கழுவுறீங்க.”

அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கம். டொக்டர் சொல்வதற்கெல்லாம் ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தாங்கள் நினைத்ததைச் செய்வார்கள். குறை சொல்ல மாட்டேன், நாமும் மேலதிகாரிகளிடம் அப்படித்தானே. ஆனால் இவளை அப்படி அனுப்ப எனக்கு மனமில்லை. நுணுக்குக்காட்டிக்குக் கூட்டிப்போனேன்.

அன்று காலை கருத்தடை லூப்பைச் சரிபார்க்க வந்த, ஒரு குறையும் இல்லாத வேறொரு பெண்ணின் ஸ்லைடை முதலில் காட்டினேன். ஒரு கண்ணை மூடிப் பார்க்கக் கற்றுக்கொள்ளவே அவளுக்கு நேரம் எடுத்தது.

“குச்சி குச்சியா இருக்குதுங்க.”

“அதுதான் காவல்.”

“இது கிருமிதானே?” முகத்தைச் சுளித்தாள்.

“கிருமிதான். பாலு தயிரா உறையுதுல்ல, அந்த வேல செய்யிற கிருமிக்கு இவங்க சொந்தக்காரங்க. புளிப்ப உண்டாக்குவாங்க. அந்தப் புளிப்புல கெட்டது தலையெடுக்காது.”

பிறகு அவளுடைய ஸ்லைடை வைத்தேன். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இங்கயும் எனக்கு ஒண்ணுமில்லீங்களா,” என்றாள்.

“வரும்,” என்றேன். “நீங்க தொந்தரவு குடுக்காம இருந்தா தானா வரும். வெளிய மட்டும் வெறுந்தண்ணி. உள்ள ஒண்ணும் போகக் கூடாது.”

காளியம்மாவைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. பஸ்ஸுக்கு நின்று, சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து, மறுபடி ஏறி வந்தவர் அவர். இரும்புச் சத்து மாத்திரையை மட்டும் கொடுத்து, இது இரத்தத்துக்கு, வெள்ளைக்கு மருந்து தேவையில்லை என்றேன்.

“மருந்து தராத ஆஸ்பத்திரிக்கு போர்டு எதுக்கு?” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு மருமகளை இழுத்துக்கொண்டு போனார். மருந்து கலக்குபவர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

காளியம்மாவைவிடப் பெரிய இடத்தில் எனக்கு வேறொரு சிக்கல் இருந்தது. மாதம் ஒருமுறை நகரத்திலிருந்து ஒரு மகப்பேற்று நிபுணர் எங்கள் கிளினிக்குக்கு வருவார். பெயர் வேண்டாம், நாங்கள் பெரிய டொக்டர் என்போம். சிங்களவர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். கத்தி பிடிப்பதை அவரிடம்தான் கற்றேன், இன்றும் அந்தக் கைகளுக்கு ஈடு நான் கண்டதில்லை. பொறுமைதான் அவருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மாதம் வந்தபோது புஷ்பராணியைப் பார்த்தார். கருப்பை வாயில் தையல் போடத் தேவையில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பிரசவம்வரை மாதாமாதம் அன்டிபயோட்டிக், கூடவே கிருமிகொல்லியால் உட்கழுவல் என்றார்.

“நோய்க்கிருமி ஒன்றும் காணவில்லையே சேர்,” என்றேன்.

“காணாத கிருமிக்கும் சேர்த்துத்தான். இரண்டு குழந்தை போயிருக்கிறது.”

“இரண்டு போனதற்கு இந்தக் கழுவலே காரணமாக இருக்கலாம். இப்போதுதான் நிறுத்தியிருக்கிறோம். நாமே திரும்ப ஆரம்பித்தால் அவளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?”

கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீங்கள் வேண்டுமானால் கிருமி வளர்த்துக்கொள்ளுங்கள் டொக்டர். நான் குழந்தை பிறக்கவைக்க வருகிறவன்.”

எனக்குச் சுறுக்கென்றது. தாதிமார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “ஒரு மாதம் பொறுங்கள் சேர். அடுத்த முறை ஸ்லைடை நீங்களே பாருங்கள். சரியில்லை என்றால் நீங்கள் சொல்வதையே செய்கிறேன்.”

“ஒரு மாதம்,” என்றார். “இதுவும் போனால் அந்தத் தாயிடம் காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

அடுத்த மாதம் அவர் வரவில்லை. வீதியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த மாதமும் வரவில்லை. புஷ்பராணி மட்டும் எப்படியாவது வந்துவிடுவாள், சில நாள் நடந்தே. வந்ததும் தன்னுடைய ஸ்லைடைத் தானே பார்க்க வேண்டும் என்பாள். “வந்திருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே குனிவாள், ஊரிலிருந்து உறவுக்காரர் வந்திருக்கிறார்களா என்று கேட்கிற மாதிரி. தாதிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குச்சிகள். அதற்கடுத்த முறை கூட்டம் கூட்டமாக. தாள் சிவந்தது. புஷ்பராணி நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று வார்ட்டில் முடிவு கட்டியிருப்பார்கள்.

அதோடு கதை முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் முற்பகல், தோட்டத்துக் கொழுந்து லொறி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்னால் சாக்குகளுக்கு நடுவே புஷ்பராணி படுத்திருந்தாள். காளியம்மா இறங்கும்போதே அழுதுகொண்டு இறங்கினார்.

“தண்ணி ஒடஞ்சிருச்சு டொக்டரம்மா. ரெண்டும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

பாவாடை நனைந்திருந்தது. புஷ்பராணி இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துப் பிடித்திருந்தாள்.

எங்கள் மருத்துவிச்சி வஹகோட்டை ஊர்ச் சிங்களக் கத்தோலிக்கர், கெட்டிக்காரி, கழுத்தில் எப்போதும் ஜெபமாலை. நான் உள்ளே வருவதற்குள் கையுறை மாட்டிவிட்டார். கருப்பை வாய் திறந்திருக்கிறதா என்று விரலால் பார்க்கப் போனார். பழக்கதோஷம், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

“கைய எடுங்க,” என்றேன். அறையில் எல்லோரும் திடுக்கிட்டார்கள், நான் அப்படிக் குரல் உயர்த்துவதில்லை. நீர்க்குடம் உண்மையிலேயே உடைந்திருந்தால் நம் விரல்தான் கிருமியை மேலே ஏற்றும் ஏணி. உடையவில்லை என்றால் அந்த விரலுக்கு அங்கே வேலையே இல்லை.

என் முன்னால் இருந்தது இவ்வளவுதான். குடம் உடைந்திருந்தால் ஏழு மாதக் குழந்தையை எங்கள் ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியாது, கண்டிக்கு அனுப்ப வேண்டும். அம்புலன்ஸ் சாரதி போகத் தயார்தான். ஆனால் முதல்நாள் அந்த வீதியில் போன ஒரு வாகனம் திரும்பி வரவில்லை. அனுப்பினால் வழியில் என்ன ஆகுமோ. அனுப்பாமல் வைத்துக்கொண்டு, உடைந்த குடத்தில் கிருமி ஏறிவிட்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். கேட்பதற்குப் பெரிய டொக்டர் இல்லை, தொலைபேசியும் செத்துக் கிடந்தது.

காளியம்மா என் காலைப் பிடிக்க வந்தார். “அனுப்பிருங்கம்மா. இங்க ஒண்ணும் குடுக்க மாட்டீங்க. அங்கயாவது மருந்து குடுப்பாங்க.”

இந்த இடத்தில்தான் உங்களிடம் சொல்ல விரும்புவது இருக்கிறது. சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் எதையாவது செய் என்று கத்தும்போது, செய்வதற்கு முன்னால் பாருங்கள். அவசரம் அவர்களுடையதாக இருக்கட்டும். நான் கொதிக்கவைத்த கருவியை எடுத்து, விரல் படாமல் உள்ளே பார்த்தேன். தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. “இருமுங்க,” என்றேன். இருமினாள். மேலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. கருப்பை வாயில் தடித்த சளி, போத்தலுக்கு அடைப்பு வைத்த மாதிரி, அசையாமல் இருந்தது. அதன் பக்கத்திலிருந்து பஞ்சால் தொட்டு நீலத் தாளில் வைத்தேன். குழந்தையைச் சுற்றியுள்ள நீர் என்றால் அதில் புளிப்பு இருக்காது, தாள் நீலமாகவே நிற்கும்.

தாள் சிவந்தது. மருத்துவிச்சியிடம் காட்டினேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

காய்ச்சல் இல்லை, வயிறு நோகவில்லை, குழந்தையின் இதயம் குதிரை ஓடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. “அம்புலன்ஸ் வேண்டாம்,” என்று சொன்னேன்.

அப்படியென்றால் அந்தத் தண்ணீர் எது? வார்ட்டில் படுக்கவைத்து வெள்ளைத் துணி கொடுத்தோம். புஷ்பராணிக்கு ஒரு வாரமாகத் தடிமன், இருமல். இருமும்போதெல்லாம் துணி நனைந்தது. மருத்துவிச்சி மோந்து பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். குழந்தை மூத்திரப்பையின்மேல் சவாரி செய்துகொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். “இதுக்கா தொரைக்கிட்ட கெஞ்சி லொறி புடிச்சேன்?” என்று காளியம்மா மருமகளைத் திட்டினார். திட்டிக்கொண்டே அவளுடைய காலை அமுக்கிவிட்டார். புஷ்பராணி அப்போதுதான் அழுதாள்.

நம்மைப் பார்த்துக்கொள்ள இயற்கை இருக்கிறது, மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டீர்களானால் உங்கள் காதைத் திருகுவேன். அதே வாரம் கலேவெலப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே பிள்ளை பெற்று, கருப்பையில் கிருமி ஏறி, உடம்பு தணலாகக் கொதித்தது. அங்கே காவல் உடைந்துவிட்டது, கண்ணுக்கே தெரிந்தது. கையிருப்பில் இருந்த ஊசி மருந்து முழுவதையும் யோசிக்காமல் அவளுக்குப் போட்டேன். பிழைத்துக்கொண்டாள். வெள்ளை என்று வந்தவர்களுக்கெல்லாம் முன்பே வாரி இறைத்திருந்தால் அன்று அலுமாரி காலியாக இருந்திருக்கும். காவல் நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

அந்த நாளில் எங்களுக்குத் தெரிந்தது புளிப்பும் குச்சிக் கிருமியும் சளி அடைப்பும் மட்டும்தான். அந்தச் சளியிலும் உள்தோலிலும் உடம்பு தானே சிறு சிறு புரதங்களைச் சுரக்கிறது, அவை நோய்க்கிருமியின் மேலுறையைத் துளைத்துக் கொல்கின்றன என்பதெல்லாம் பின்னால் வந்த அறிவு. நீங்கள் அவற்றின் பெயரைப் படிக்கும்போதே ஒப்புவிக்கிறீர்கள். நான் அதை முதன்முதலில் ஒரு மருத்துவ சஞ்சிகையில் வாசித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். புஷ்பராணி சுடுதண்ணீரில் கலந்து ஊற்றியதைவிட நல்ல மருந்து அவளுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

அவளுக்கு மாதம் நிறைந்து வலி வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மருத்துவிச்சி சுத்தம் செய்யக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். வலியின் உச்சத்தில் இருந்தவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ்ஸி, வெளிய மட்டும். உள்ள கழுவாதீங்க.”

“எனக்கே பாடமா?” என்று மருத்துவிச்சி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம், அடுத்த வலி வரும்வரை.

பெண் குழந்தை. வந்ததும் கத்திய கத்தலில் வராந்தாவில் நின்ற காளியம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். நிறை மாதத்துக் குழந்தை, தொடையெல்லாம் மடிப்பு. புஷ்பராணி வாழ வந்த பிறகு அந்த வீட்டில் ஒரு குழந்தையின் அழுகை கேட்டதில்லை. நான் வெளியே போய்க் காளியம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டொக்டர் தரையில் உட்காரலாமா என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஊரே எரிந்துகொண்டிருந்த காலத்தில் எங்களுக்கு அன்று திருவிழா.

வீதி திறந்து பெரிய டொக்டர் வந்தபோது குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற வயது ஆகிவிட்டது. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கழுவவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்டிபயோட்டிக்? அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் குழந்தையின் விரல்களை எண்ணுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் கிளினிக்கில் மாதத்துக்கு எத்தனை பேருக்குக் கழுவச் சொல்லி எழுதுகிறேன் தெரியுமா?” என்றார். பிறகு, “நாளையிலிருந்து அங்கே ஒரு நுணுக்குக்காட்டி வைக்கச் சொல்கிறேன்,” என்றார். வைத்தார். பெரிய மனிதர் என்று நான் சொல்வது அதனால்தான்.

சில மாதம் கழித்து அந்தத் தோட்டத்துக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போனேன். புஷ்பராணி பிள்ளைக் காம்பராவில் இருந்தாள். யாரும் அவளை அங்கிருந்து எடுக்கவில்லை. தொட்டில்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. தரை பளிச்சென்று இருந்தது. மருந்தெல்லாம் தரைக்கும் துணிக்கும் மட்டும்தான் என்று டிவிசன் பெண்கள் அத்தனை பேருக்கும் அவளே சொல்லிவைத்திருந்தாள். எனக்கு வேலை மிச்சம், அந்தத் தோட்டத்திலிருந்து வெள்ளை என்று வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துபோனார்கள்.

“இதுல உங்களது எது?” என்று கேட்டேன்.

“நீங்களே கண்டுபுடிங்க டொக்டரம்மா.”

ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து பார்த்தேன். எல்லாக் கன்னத்திலும் ஒரே அளவு மைப்பொட்டு. ஒன்றைக் காட்டினேன். “அது கங்காணி பேத்திங்க,” என்றாள். இன்னொன்றைக் காட்டினேன். அதுவும் தப்பு. கொழுந்து நிறுக்க வந்து வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

அவர்களுக்கு நடுவிலிருந்து இளம் தாய் ஒருத்தி உள்ளே வந்தாள். கையில் புதுக் குழந்தை, காம்பராவுக்கு அதற்கு அன்றுதான் முதல் நாள். தொட்டிலில் போடப் போனவளைப் பின்னால் நின்ற மாமியார் தடுத்தார்.

“மொதல்ல புஷ்பா கையில குடு. அவ கை ராசியான கை.”

கை ராசி என்று ஒன்றும் கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. புஷ்பராணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.